இரண்டிலிருந்து ஒரு ஹால்

துறையூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வந்த ரெங்கராஜ், ருவைஸ் எண்ணெய் ஆலைகளில் பதினோரு ஆண்டுகள் இரும்புச் சாரம் கட்டினார். பன்னிரண்டாம் ஆண்டு வலது முழங்கால் மடங்க மறுத்தது. மடங்காத காலோடு சாரத்தில் ஏற முடியாது. எப்படியாவது ஏறிவிட்டாலும் இறங்க முடியாது. கம்பெனி அவரை ஊருக்கு அனுப்பியிருக்கும். அந்த வாரம் பார்த்து அதே கம்பெனிக்கு இன்னொரு காண்ட்ராக்ட் கிடைத்தது. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம், பல நாட்டுக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு வளாகத்தில் பொது ஹால் ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். திறக்க வேண்டும், பூட்ட வேண்டும், கூட்ட வேண்டும், எந்தச் சபைக்கு எந்த நேரம் என்று அட்டவணை போட வேண்டும். ஒரு சபைக்காரரை வைத்தால் மற்ற சபைக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதால், எந்தப் பக்கமும் சேராத ஆள் தேவைப்பட்டது. காளியம்மனுக்குக் கிடா வெட்டும் குடும்பத்தில் பிறந்திருந்ததுதான் இந்த வேலைக்கு ரெங்கராஜிடம் இருந்த ஒரே தகுதி.

வேலை அவருக்குப் பிடித்துப்போனது. உள்ளே ஏசி, ஏணியே வேண்டாம். ஆனால் வந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கிவிட்டார்.

முதல் கடிதம் ஒரு படத்தால் வந்தது. கத்தோலிக்கர்கள் ஹால் சுவரில் மாதா படம் ஒன்றை மாட்டி, அதன் கீழே மூன்று மொழிகளில் ‘இறைவனின் தாய்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மாதம் ஒருமுறை கூடும் நான்கு இராக்கியக் குடும்பங்களுக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. ‘கிறிஸ்துவின் தாய்’ என்பதுதான் சரி என்பது அவர்கள் வழக்கம். அவர்கள் அதைக் கைகாட்டி முணுமுணுப்பதைப் பார்த்த ரெங்கராஜ், தகராறில்லாமல் முடித்துவிடலாம் என்று பிளேடை எடுத்தார். தமிழில் ‘இறைவனின்’ என்பதைச் சுரண்டினார். வெறும் ‘தாய்’ என்றால் யார் என்ன சொல்லிவிட முடியும்? ஆங்கிலத்திலும் அவருக்குத் தெரிந்த அளவில் சரியாகவே சுரண்டினார். அரபிதான் படிக்கத் தெரியாது. ஆனால் அரபியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள் என்பது தெரியும். தமிழில் இறைவன் இடப்பக்கம் இருந்தால் அரபியில் வலப்பக்கம்தானே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, வலப்பக்கத்துச் சொல்லைச் சுரண்டினார். அரபியில் ‘தாய்’ என்ற சொல்தான் முதலில் வரும்; மாதா படத்தின் கீழே ‘இறைவன்’ என்று மட்டும் நின்றது. கத்தோலிக்கரும் இராக்கியரும் வரலாற்றில் அபூர்வமாக ஒருமனப்பட்டுப் புகார் எழுதினார்கள்.

இரண்டாவது, ஆயுத பூஜையால் வந்தது. துடைப்பம், தண்ணீர்க் குழாய், சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், ஞாயிறுதோறும் நன்றாக உழைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியை மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை என்று அதற்கும் மூன்று விரலால் விபூதி பூசினார். அடுத்த நாள் முதலில் வந்தது ஒரு பெந்தெகொஸ்தே பாஸ்டர்.

கம்பெனி கோஆர்டினேட்டர் ஷ்யாம் கோயம்புத்தூர்ப் பையன். கெட்டவன் இல்லை. இரண்டாவது கடிதத்தைக் கொடுக்கும்போது அவனே எழுதியதுபோல் வெட்கப்பட்டான்.

“அண்ணா, இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துதுன்னா உங்களைச் சைட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணுமில்லைங்க.”

சைட் என்றால் சாரம். சாரம் என்றால் இந்த முழங்காலோடு ஒரு மாதம், பிறகு ஊர். ரெங்கராஜ் அன்றிலிருந்து சுவரில் எதையும் தொடுவதில்லை, எதற்கும் பொட்டு வைப்பதில்லை. அட்டவணையை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்டார்.

அட்டவணையில் அவருக்கு வழக்கமாகக் கைகொடுத்து வந்தது ஈஸ்டர். 2024இல் மேற்கத்திய சபைகளுக்கு மார்ச் கடைசியில் ஈஸ்டர். கிழக்கத்திய சபைகளுக்கு ஐந்து வாரம் கழித்து. ஒரே ஹால் எல்லாருக்கும் தாராளமாகப் போதும். பண்டிகை தேதியில் இவர்கள் ஒத்துப்போகாமல் இருப்பது கடவுளாகப் பார்த்துச் செய்த ஏற்பாடு என்றே அவர் நம்பியிருந்தார். 2025இல் அந்த ஏற்பாடு கைவிட்டது. எல்லாருக்கும் ஏப்ரல் இருபது. அதற்கு முந்தைய ஞாயிறு, பதின்மூன்றாம் தேதி, எல்லாருக்கும் குருத்தோலை ஞாயிறு.

கோரிக்கைகள் வாட்ஸ்அப்பில் வந்தன. காலை ஆறுக்கு மலையாள ஆர்த்தடாக்ஸ். பதினொன்றுக்குத் தமிழ்ச் சபை. ஒன்றுக்குப் பிலிப்பினோ கத்தோலிக்கர். நடுவில் எட்டு முதல் பதினொன்று வரை கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எகிப்தியரான ஜிர்ஜிஸ், வெல்டிங் இன்ஸ்பெக்டர். சிரியாக்காரரான எலியாஸ், கிரேன் இன்ஜினியர். ஜிர்ஜிஸ் கூட்டம் இந்த ஹாலில் எட்டு மாதமாகக் கூடுகிறது. எலியாஸ் புதிது. இருவரும் அரபி பேசுகிறவர்கள். இருவரும் ‘ஆர்த்தடாக்ஸ்’ என்றே எழுதியிருந்தார்கள். ஒரே கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அண்ணனும் தம்பியும் தனித்தனியாக மண்டபம் கேட்டு வருவது துறையூரில் சகஜம். ரெங்கராஜ் இரண்டு செய்தியையும் ஒன்றாக்கி, ‘ஆர்த்தடாக்ஸ் (அரபி) 8–11’ என்று ஒரே வரியாக எழுதிக் கதவில் ஒட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் சந்திரகலா வந்தார். தமிழ்ச் சபையின் செயலாளர்; ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாசரேத்துக்காரர். தபால் வழியில் இறையியல் படித்து முடித்தவர். படித்ததைக் கேட்க ருவைஸில் யாரும் அகப்படாத குறை அவருக்கு நெடுநாளாக இருந்தது. அட்டவணையைப் படித்தவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“அண்ணாச்சி, இது எந்த ஆர்த்தடாக்ஸ்?”

“ஜிர்ஜிசும் எலியாசும்தான் சிஸ்டர். ரெண்டும் ஒண்ணுதானே.”

சந்திரகலா சிரிக்கவில்லை. நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தார். “ரெண்டு பேரும் பிரிஞ்சு ஆயிரத்தஞ்ஞூத்தி எழுபத்திநாலு வருசமாவுது அண்ணாச்சி.”

ரெங்கராஜ் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார், நிலத்தகராறா என்று. நிலமில்லை, இயேசுவின் இயல்பு பற்றிய தகராறு என்றார் சந்திரகலா. வாசலில் சுஐபு நடத்தும் கஃபெட்டீரியாவிலிருந்து பாலோடு கொதித்த கடக் டீ இரண்டு வந்தது. சுஐபு அதிராம்பட்டினத்துக்காரர். பேச்சு எதைப் பற்றி என்று கேட்டுவிட்டு, “இதுல எங்களுக்கு வேலை இல்ல சகோதரி, சீனி பத்துமான்னு மட்டும் சொல்லுங்க” என்று போய்விட்டார். அன்று அந்த வளாகத்தில் பேசப்பட்டவற்றில் அறிவார்ந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

ரெங்கராஜ் விஷயத்தைத் தன் பாஷையில் புரிந்துகொள்ளப் பார்த்தார். பிதா என்பவர் விசா கொடுக்கிற அரபி முதலாளி, கஃபீல் மாதிரி. மகன், அவர் வேலைக்கு வைத்த மேனேஜர். மேனேஜர் பெரிய ஆள்தான், ஆனால் கஃபீல் உண்டாக்கியவர். சரிதானே?

அதைச் சொன்னவர் அரியுஸ் என்றார் சந்திரகலா. 325இல் நிசேயாவில் முந்நூறு பிஷப்புகள் கூடி அவரைத் தள்ளிவைத்தார்கள். மகன் உண்டாக்கப்பட்டவரல்ல, பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று எழுதினார்கள். ஈஸ்டரை எல்லாரும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்ததும் அதே கூட்டம்தான். அதற்கு இந்த ஆண்டோடு ஆயிரத்து எழுநூறு வருஷம் ஆகிறது.

“அப்ப நம்ம பாடு அங்கேருந்து ஆரம்பிக்குதா,” என்றார் ரெங்கராஜ்.

அடுத்து அவர் ஒரு காரைக் கொண்டுவந்தார். கார் மனிதன், ஓட்டுகிற டிரைவர் கடவுள். உடம்பு நம்முடையது, உள்ளே அறிவு அவருடையது. சந்திரகலா தலையாட்டினார். அது அப்பொலினாரியுஸ், 381, கான்ஸ்டான்டிநோபிள், தள்ளியாயிற்று. மனித அறிவு இல்லாதவர் முழு மனிதர் ஆகமாட்டார் என்றார்கள்.

ரெங்கராஜ் விடவில்லை. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் ஒரே கட்டிலை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். பகல் ஷிப்ட்டுக்காரன் எழுந்து போனால் இரவு ஷிப்ட்டுக்காரன் வந்து படுப்பான். கட்டில் ஒன்று, ஆள் இரண்டு. சாமி ஒரு ஷிப்ட், மனிதன் ஒரு ஷிப்ட். சந்திரகலா கண்ணை மூடிக்கொண்டார். அப்படிச் சொன்னதாகத்தான் நெஸ்தோரியுஸ் மேல் 431இல் எபேசுவில் குற்றம் சாட்டினார்கள் என்றார். இராக்கியக் குடும்பங்களின் முணுமுணுப்பு அந்தக் கூட்டத்தில்தான் ஆரம்பித்தது. பிளேடு வேலைக்கான விதையும் அங்கேதான் விழுந்தது.

ரெங்கராஜ் கையிலிருந்த கிளாசைப் பார்த்தார். டீயும் பாலும் கலந்துவிட்டது. இனிப் பிரிக்க முடியாது. இதுவாவது சரியாக இருக்குமா?

“அது எவ்திகுஸ் அண்ணாச்சி. நானூத்தி ஐம்பத்தொண்ணு, கல்கெதோன். அவரையும் தள்ளியாச்சு.”

கிரேக்கமும் சிரியாக்கும் கரைத்துக் குடித்தவர்கள் நூற்றிருபத்தாறு ஆண்டுகள் நடந்த தூரத்தை ரெங்கராஜ் ஒரு டீ ஆறுவதற்குள் கடந்துவிட்டார். எல்லா நிறுத்தத்திலும் தவறான வாசலில்தான் இறங்கினார் என்பது வேறு விஷயம். அந்த நான்கு பெரியவர்களும் ஒரு தவறு செய்து ஓய்ந்தவர்கள். இவர் நான்கையும் ஒருவராகவே முடித்துவிட்டு ஐந்தாவதுக்குத் தயாராக இருந்தார்.

ஜிர்ஜிசும் எலியாசும் பிரிந்த இடம் கல்கெதோன் என்று சந்திரகலா விளக்கினார். கிறிஸ்து ஒருவரே, இரண்டு இயல்புகளில் இருக்கிறார், கலக்காமல், பிரியாமல் என்று அந்தக் கூட்டம் எழுதியது. எலியாஸ் கூட்டத்தார் அதை ஏற்றவர்கள். எகிப்தியர் ஏற்கவில்லை. இரண்டு இயல்புகளிலிருந்து ஒன்று என்று அவர்கள் சொன்னார்கள். கலந்துபோகவில்லை என்று அவர்களும் சொல்கிறார்கள். டீயும் பாலும் என்று அவர்களிடம் சொன்னால் கோபப்படுவார்கள்.

ரெங்கராஜ் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டில். இரண்டிலிருந்து.

“ஒரு ‘இருந்து’தானா சிஸ்டர் வித்தியாசம்?”

“அந்த ‘இருந்து’க்காக ஊரே ரெண்டுபட்டுப் பிஷப்பு அடிபட்டுச் செத்திருக்காங்க. நீங்க ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் ஒரே பீடத்துக்கு முன்னால நிறுத்தப் போறீங்க.”

மறுநாள் ரெங்கராஜ் ஜிர்ஜிசைத் தேடிப் போனார். ஆர்த்தடாக்ஸ், ஆர்த்தடாக்ஸ், சேம் சேம் இல்லையா என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டார். ஜிர்ஜிஸ் ஒரு விரலை நிமிர்த்தி, “மாஃபி சேம்” என்றார், ஒன்றே இல்லை என்று. எலியாஸ் கூட்டத்தார் நல்ல மனிதர்கள் என்றும், மிக நல்ல மனிதர்கள் என்றும், ஆனால் முடியாது என்றும் சொன்னார். எலியாஸ் இரண்டு விரலை நிமிர்த்தி, ஜிர்ஜிஸ் கூட்டத்தாரைப் பற்றி அச்சாக அதையே சொன்னார். நேரத்தை மாற்ற இருவராலும் முடியவில்லை. ஜிர்ஜிஸின் பாதிரியார் அபுதாபியிலிருந்து வந்து பகலுக்குள் திரும்ப வேண்டும். எலியாஸின் பாதிரியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருபவர். கேம்ப் பஸ்களுக்கெல்லாம் நேரம் சொல்லியாயிற்று.

ஒரு வழிதான் மிச்சமிருந்தது. ஹாலின் நடுவே கூரையில் ஒரு தண்டவாளம் ஓடியது. அதில் தொங்கும் மடிப்புத் தடுப்பு, மூன்று வருஷமாக யாரும் இழுக்காமல் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. அதை இழுத்து மூடினால் ஒரு ஹால் இரண்டாகும். இரண்டு சபையும் தங்கள் பீடத்துக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை முழுவதும் ரெங்கராஜ், இனி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன ஏணியில் ஏறி, தண்டவாளத்துக்குக் கிரீஸ் போட்டார். நான்கு மணிக்குத் தடுப்பு முனகிக்கொண்டு முழுதாக மூடியது. மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்துத் திருப்தியாகக் கேம்ப்புக்குப் போனார்.

ஞாயிறு காலை ஏழேமுக்காலுக்கு இழுத்தபோது முக்கால் தூரம் வந்து நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. ஒரு ஆள் விரித்த குடையோடு நுழையும் அளவு இடைவெளி. வெளியே இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. ஈச்ச ஓலையைச் சிலுவையாகவும் கிரீடமாகவும் பின்னிக்கொண்டு எகிப்தியப் பெண்கள் ஒரு வாசலில். மெழுகுவத்திக்கு ரிப்பன் கட்டிக்கொண்டு சிரியர்கள் இன்னொரு வாசலில். ரெங்கராஜ் ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். அதாவது அவர் கால் ஓடவிட்ட அளவுக்கு ஓடினார். அங்கே இருந்தது அவருடைய சொந்தக் கம்பளி ஒன்றுதான். கல்ஃப் போன எவரும் ஊருக்கு வாங்கிப்போகிற, பெரிய புலி படம் போட்டது. அதை இடைவெளியில் சாரக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். பதினோரு வருஷ அனுபவம், கட்டு அசையவில்லை. புலியின் முகம் எலியாஸ் பக்கம் இருந்தது. முதுகுப் பக்கம் ஜிர்ஜிசுக்கு.

வழிபாடு தொடங்கியது. சாம்பிராணிப் புகைக்குத் தடுப்பு ஒரு பொருட்டாக இல்லை. எகிப்தியப் புகை புலிக்கு மேலாக ஏறிச் சிரியப் பக்கம் போயிற்று. சிரியப் புகை புலிக்குக் கீழாக வந்தது. பாட்டும் அப்படித்தான். முதலில் ஒரு பக்கம் குரலை உயர்த்த, மறுபக்கம் இன்னும் உயர்த்தியது. ரெங்கராஜ் தடுப்பின் முனையில் நின்று இரண்டு பக்கமும் கையால் தணிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சைட்டில் கிரேனுக்குச் சைகை காட்டும் பழக்கம். இரண்டு பாடகர்களும் ஆச்சரியமாக அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் “கிரியே எலெய்சோன்” என்று பாடத் தொடங்கின. ஆண்டவரே இரக்கமாயிரும் என்று அர்த்தம், கிரேக்கம். கல்கெதோனுக்கு முன்பே இரு தரப்புக்கும் சொந்தமாகிவிட்ட வார்த்தை. ராகம்தான் வேறு. இரண்டாம் தடவை ராகமும் கொஞ்சம் நெருங்கியது. மூன்றாம் தடவை இரண்டு பக்கத்தாரும் சட்டென்று கவனித்து நிறுத்தினார்கள். யாரும் இதற்காக அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. புலியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு, அவரவர் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

பத்தரை மணிக்கு ஷ்யாம் வந்தான். மாதாந்திர ஆய்வுப் படிவம் கையில். தடுப்பையும் கம்பளியையும் பார்த்துவிட்டு நெடுநேரம் பேனாவைத் திறக்கவில்லை. இரண்டு கூட்டமும் கலைந்து ஜிர்ஜிசும் எலியாசும் சுஐபு கொடுத்தனுப்பிய டீயோடு வாசலில் நின்றார்கள்.

“அண்ணா, இதுல ‘பயன்படுத்தின ஹால் எண்ணிக்கை’ன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. இது ஒரு ஹாலா, ரெண்டு ஹாலா?”

ரெங்கராஜ் வாய் திறப்பதற்குள் ஜிர்ஜிஸ் கேள்வியைப் புரிந்துகொண்டு ஒரு விரலைக் காட்டினார். எலியாஸ் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு, டீ சிந்தும்படி சிரித்தார்கள். ஷ்யாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரெங்கராஜுக்கு விளங்கியது. எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

“அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும் சார். எழுதுனவங்க யாரும் நல்லா இருந்ததில்ல.”

இரண்டு பக்கத்திலிருந்தும் புகார் வரவில்லை. ரெங்கராஜ் பிழைத்தார் என்றே சொல்லியிருக்கலாம், தடுப்பு திரும்பத் திறந்திருந்தால். அது திறக்கவில்லை. பதினொன்றுக்கு வந்த தமிழ்ச் சபையில் பாதிப் பேர் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பாஸ்டரைப் பார்க்காமல் ஒரு புலியைப் பார்த்தபடி குருத்தோலைப் பிரசங்கம் கேட்டார்கள். பாஸ்டர் புகார் எழுதச் சொன்னார். எழுத வேண்டியவர் செயலாளர். சந்திரகலா உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை அனுப்புவதற்கு முன் ரெங்கராஜிடம் வந்து படித்துக் காட்டினார்.

“பொய்யா எழுத எனக்கு வராது அண்ணாச்சி. மன்னிச்சிருங்க.”

“தப்பு ஒண்ணுமில்ல சிஸ்டர். புலின்னு எழுதியிருக்கீங்க, அது மட்டும் கம்பளின்னு இருக்கலாம்,” என்றார் ரெங்கராஜ். அன்று மாலையே சைட் பூட்சை எடுத்துத் தூசி தட்டினார். வலது கால் அதற்குள் போவதற்கே பத்து நிமிஷம் பிடித்தது.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் ஷ்யாம் மாற்று ஆளோடு வந்தான். பெயர் வேலுச்சாமி, அரியலூர்ப் பக்கம், நாற்பது வயது, ஒன்பது வருஷமாகச் சாரம். ஏசி ஹால் வேலை என்றதும் கேம்ப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒருநாள் கூட இருந்து பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லிவிட்டு ஷ்யாம் வெளியே போனான்.

ரெங்கராஜ் ஒன்றையும் ஒளிக்கவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. அட்டவணை நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். மலையாள ஆர்த்தடாக்ஸ் ஜிர்ஜிஸ் கட்சி, ஆனால் ஈஸ்டர் தேதி மேற்கே. எத்தியோப்பியப் பெண்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு. அவர்களும் ஜிர்ஜிஸ் கட்சிதான், பீடத்தின் முன்னால் செருப்பு கூடாது. எலியாசும் கத்தோலிக்கரும் கல்கெதோன் வரைக்கும் ஒன்று, அதற்கப்புறம் வேறு. இராக்கியர் வருகிற அன்று மாதா படத்தின் பக்கம் போகாமல் விலகி நிற்க வேண்டும். ‘ஆர்த்தடாக்ஸ்’ என்று யாராவது போன் பண்ணினால் ‘இரண்டிலா, இரண்டிலிருந்தா’ என்று கேட்ட பிறகுதான் நேரம் கொடுக்க வேண்டும்.

வேலுச்சாமி முதல் ஒரு மணி நேரம் தலையாட்டினார். அடுத்த அரை மணி நேரம் தலையாட்டாமல் கேட்டார். நடுவில் ஒருமுறை, சாமி மனிதன் மாதிரி வேஷம் போட்டு வந்தார் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடாதா என்றார். ரெங்கராஜுக்கே தெரியாத ஒரு தவறு அது. பெயர் கேட்டு வைக்கச் சந்திரகலாவுக்கு மெசேஜ் போட்டார். பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. அப்படிச் சொன்னவர்களும் உண்டு, நிசேயாவுக்கும் முந்தியவர்கள். வேலுச்சாமி எழுந்து வாசலுக்குப் போனார்.

ஷ்யாம் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தான். வேலுச்சாமி கண்ணாடியைத் தட்டினார்.

“சார், என்னைச் சாரத்துக்கே அனுப்பிருங்க.”

“ஏண்ணா, வெயில் நாப்பத்தஞ்சு போகப்போகுதுங்க.”

“போகட்டும் சார். அங்க கீழ விழுந்துருவோம்னு ஒரே ஒரு பயம்தான். இங்க எந்தப் பக்கம் விழுந்தோம்னு விழுந்தப்புறமும் தெரியாது போலருக்கு.”

ஷ்யாம் இன்னும் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தான். அதற்குள் வேலுச்சாமி கேம்ப்பில் கதையைச் சொல்லிவிட்டிருந்தார். கொடுத்த மிட்டாயைவிடக் கதை வேகமாகப் பரவியிருந்தது. ஒருவரும் வர ஒப்பவில்லை. கடைசியில் ஷ்யாம் மூன்றாவது எச்சரிக்கைக் கடிதத்தின் கீழே, ‘நடவடிக்கை: மாற்று ஆள் கிடைக்கும் வரை அதே ஆள்’ என்று எழுதினான். மாற்று ஆள் எப்போது கிடைப்பார் என்று ரெங்கராஜ் கேட்டார். ஷ்யாம் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினான்.

“நீங்க பூட்சை யாருக்காவது குடுத்துருங்கண்ணா,” என்றான்.